சத்தமில்லாமல் இறங்கியது

பாம்புக்கு ஊட்டிவிட ஒரு ஆளா, அந்த ஆளுக்கு ஒரு சம்பளமா என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அந்தப் பாம்புப் பண்ணையில் நூற்றுப் பதினேழு பாம்புகள் இருந்தன. அதில் நூற்றுப் பத்துக்கு யாரும் ஊட்ட வேண்டியதில்லை. செத்த எலியை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டினால் போதும், பாய்ந்து பிடுங்கிக்கொள்ளும். மீதி ஏழுதான் சண்டித்தனம் செய்யும். ஒன்று தோல் உரிக்கப் போகிறது என்று தின்னாது. ஒன்று வாயில் புண் என்று தின்னாது. ஒன்று கூண்டு மாற்றிய கோபத்தில் தின்னாது. இன்னொன்று காரணமே சொல்லாமல் தின்னாது. அந்த ஏழுக்காகத்தான் இருபத்திரண்டு வருஷமாக அவரை வைத்திருந்தார்கள். டிக்கெட் கிழிப்பவரிலிருந்து பெரிய அதிகாரி வரை எல்லாருக்கும் அவர் ஊட்டுக்காரர்.

வேலை இதுதான். உறைபெட்டியிலிருந்து எடுத்த எலியை வெந்நீர் வாளியில் போட்டு உடம்புச் சூடு வரும்வரை வைத்திருக்க வேண்டும். பாம்பின் தலைக்குப் பின்னால் மூன்று விரலால் பிடிக்க வேண்டும். அழுத்தினால் அதன் எலும்பு போய்விடும், விட்டால் நம் விரல் போய்விடும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையின் முனையை உதட்டோரம் நுழைத்தால் வாய் தானாகத் திறக்கும். எலியின் தலையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். வால் பக்கமாகக் கொடுத்தால் காலும் மயிரும் எதிர்த்துக்கொண்டு நிற்கும். முன்பற்களைத் தாண்டிவிட்டால் கையை எடுத்துவிடலாம். அந்தப் பல்லெல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை, பிடித்ததை நழுவ விடாது. அப்படியும் சில சண்டிகள் எலியை வாயில் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். அப்போது தொண்டைக்கு வெளியே கட்டைவிரலை வைத்து, தலையிலிருந்து வால் பக்கமாக மெல்ல நீவிவிட வேண்டும். இறங்கும். பிறகு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சீறினாலோ வாயைப் பிளந்தாலோ கக்கப் போகிறது என்று அர்த்தம். சத்தம் இல்லையென்றால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இந்தக் கடைசி விதியை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது பொய்த்ததில்லை.

அந்த மாதம் அவருக்குத் தலைவலியாக இருந்தது ஒன்பது அடி மலைப்பாம்பு ஒன்று. மகாராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு மாதமாக வாயைத் திறக்கவில்லை. மூன்று ஆள் சேர்ந்து தூக்கி மேசையில் நீட்டினார்கள். நடு உடம்பைப் பிடித்தவன் கூண்டு கழுவுகிற ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பட்டம். வால் பக்கம் பண்ணையின் டாக்டரம்மா. இருபத்தெட்டு வயது இருக்கும். கோட்டுப் பையில் ஐந்து பேனா வைத்திருப்பார், ஒன்றும் எழுதாது.

"அண்ணே, இது வாயைக் கழட்டி மாட்டுமாமே? நேத்து ஒரு டீச்சர் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டிருந்தாங்க" என்றான் ரேடியோ.

"கழட்டி மாட்ட அது என்ன உன் சைக்கிள் செயினா? வாயை மூடிட்டுப் பிடி."

டாக்டரம்மா சிரித்தார். "கழலாதுப்பா. நமக்கு மோவாய் ஒரே எலும்பு. இதுக்குக் கீழ்த்தாடை ரெண்டு துண்டு. நடுவுல எலும்பு ஒட்டல, ரப்பர் மாதிரி ஒரு தசைநார்தான் பிடிச்சிருக்கு. பின்னாலயும் தாடை நேரா மண்டையில மாட்டல. நடுவுல ஒரு எலும்பு கதவுக்கீல் மாதிரி ஆடும். அதான் அவ்வளவு அகலமாத் திறக்குது. அப்புறம் வலது பக்கம் ஒரு எட்டு, இடது பக்கம் ஒரு எட்டுன்னு பல்லாலேயே நடந்து எலி மேல ஏறும். எலி உள்ள போகுதுன்னு நாம நினைக்கிறோம். உண்மையில பாம்புதான் எலி மேல சட்டை மாதிரி மாட்டிக்குது."

"இங்க பாருங்க டாக்டர், வால் பக்கம் ரெண்டு நகம். இது என்னது?" என்றான் ரேடியோ.

"கால். கால் இருந்ததோட மிச்சம். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி இதுங்களோட பாட்டன் பூட்டன் நாலு காலோட பல்லி மாதிரி திரிஞ்சவங்கதான்."

"அப்ப ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் குடுத்தா ராணிக்குக் கோபம் தீருமோ என்னவோ."

ஊட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் கண் மகாராணியின் திறந்த வாயிலேயே இருந்தது. நாக்குக்கு மேலே, வாயின் தரையில், ஒரு சின்னக் குழாயின் முனை திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றியது.

"டாக்டர், பாம்புக்குப் புரையே ஏறாதா?"

"ஏறாது. அந்தக் குழாய்தான் மூச்சுக்குழல். வாய் நிறைய எலி இருக்கும்போது அதை முன்னாடி தள்ளி ஓரமா நீட்டிக்கும். அரை மணி நேரம் விழுங்கினாலும் மூச்சு நிக்காது."

"யாராவது நினைச்சாத்தானே புரையேறும்" என்றான் ரேடியோ. "பாம்பை எவன் நினைக்கப்போறான்?"

"நமக்கு ஏன் டாக்டர் அப்படி வைக்கல?" என்று கேட்டார் ஊட்டுக்காரர்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "நமக்கு மூச்சு வழியும் சாப்பாட்டு வழியும் தொண்டைக்குள்ள ஆழத்துல ஒண்ணை ஒண்ணு வெட்டிக்குது. கைக்குழந்தைக்குக் குரல்வளை மேல இருக்கும். அதனால பால் குடிச்சுக்கிட்டே மூச்சும் விடும். வளர வளர அது கீழ இறங்கிடும். இறங்கினதாலதான் மனுஷனுக்குப் பேச்சு வந்துச்சுன்னு சொல்றாங்க. பேச்சு வேணும்னா புரையேறுறதையும் ஏத்துக்கணும். பாம்பு வேற மாதிரி. காலை விட்டுச்சு, கையை விட்டுச்சு, நெஞ்செலும்பை விட்டுச்சு, இமையை விட்டுச்சு, வெளிக்காதை விட்டுச்சு, இடது நுரையீரலைக்கூட முக்கால்வாசி விட்டுச்சு. விழுங்குறதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு."

"ம்" என்றார் ஊட்டுக்காரர்.

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"இருக்கா டாக்டர்."

மகாராணி எலியைத் துப்பிவிட்டது. அடுத்த வாரம் பார்ப்போம் என்று கூண்டில் விட்டார்கள்.

வீட்டில் இருந்தவள் அவர் மனைவி. பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. பதினோரு வாரத்துக்கு முன்னால் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் சாய்ந்தவளை, கூட வேலை செய்தவர்கள் ஈரத்துணி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மூளைக்குள் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. அவள் எப்படிப்பட்டவள் தெரியுமா? பேசாத நேரம் தின்றுகொண்டிருப்பாள், தின்னாத நேரம் பேசிக்கொண்டிருப்பாள், இரண்டையும் சேர்த்துச் செய்து புரையேறி, முதுகில் தட்டச் சொல்லி, தட்டியது போதாது என்று அதற்கும் நாலு வார்த்தை பேசுவாள். இப்போது மூக்கு வழியாக ஒரு குழாய். அந்தக் குழாயில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஊசி போடும் குழலை வைத்து, அரைத்து வடிகட்டிய கஞ்சித் தண்ணீரை இறக்க வேண்டும். நாக்கில் ஒரு சொட்டு படாது.

பகலில் அதைச் செய்தவள் அவள் தங்கை. சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒரு பையோடு வந்து இறங்கியவள். வந்த முதல் நாளே அக்காவின் தலையைச் சீவி இரட்டைச் சடை போட்டு, "மாமா, பாருங்க, ஸ்கூலுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டாள். மனைவியின் வாயில் ஒரு பாதி சிரித்தது. அந்தப் பாதிச் சிரிப்புக்காகவே சின்னவளுக்குக் கோயில் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி அவரை நடையில் நிறுத்திச் சொன்னாள். "ஒரு மாசம் கழிச்சு எக்ஸ்ரேயில விழுங்க வச்சுப் பார்க்கிற பரிசோதனை இருக்கு. அது முடியிற வரைக்கும் வாய் வழியா எதுவும் கூடாது. தண்ணிகூடக் கூடாது. சில பேருக்கு இருமலே வராது சார், அதான் பயம்." எல்லாம் அவர் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. அவர் அப்போது சக்கர நாற்காலியின் கால்பலகையில் மனைவியின் செத்த காலை எப்படி வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு மிஞ்சியது இடது கை. அந்தக் கையால் அவள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். ஐந்து விரலையும் குவித்து உதட்டில் வைப்பாள். எடுப்பாள். மறுபடி வைப்பாள். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வைப்பாள், திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது வைப்பாள்.

"டாக்டர் திட்டுவாங்க" என்பார்.

கட்டில் கம்பியில் கையால் அடிப்பாள்.

"இன்னும் மூணு வாரம்தான். பரிசோதனை முடியட்டும்."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள். இரண்டு தடவை குழாயைப் பிடுங்கி எறிந்தும்விட்டாள். அதை மறுபடி போடும்போது அவள் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது.

டாக்டரம்மா சொன்னதை அவர் அன்று முழுவதும் மனதில் போட்டு உருட்டினார். பேச்சு வந்ததால் புரையேறுகிறது என்றால், பேச்சுப் போனவளுக்குப் புரையேறுவதும் போக வேண்டாமா? கொடுத்ததைப் பிடுங்கிக்கொள்கிறவன், அதற்காக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாமா? அதுதானே நியாயம். உடம்பு நியாயம் பார்த்து நடக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நியாயம் கேட்கும் நிலையில் இருக்கிறவனுக்கு வேறு எதுவும் கேட்காது. அது மட்டுமல்ல. வாய் திறக்காத எத்தனை சீவனுக்கு இந்தக் கை ஊட்டியிருக்கிறது! ஒரு மனுஷிக்கு, அதுவும் சொந்தப் பெண்டாட்டிக்கு, அரை ஸ்பூன் பழக்கூழ் இறக்கத் தெரியாதா?

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வந்ததும் சின்னவள் குளித்துவிட்டுக் கடைக்குப் போவாள். போகும்போது, "ஒரு மணி நேரம் காத்து வாங்கிட்டு வரேன் மாமா, உங்க ராணியைப் பார்த்துக்குங்க" என்பாள். ராணி என்றால் அவருக்கு ஒன்பது அடிதான் நினைவுக்கு வரும் என்று அவளுக்கும் தெரியும்.

அன்று அவள் போனதும் மனைவி விரலைக் குவித்தாள். அவள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். பதினோரு வாரத்தில் அத்தனை பலம் அந்தக் கையில் அவர் பார்த்ததில்லை. பொத்தான் ஒன்று தெறித்தது.

அவர் சமையலறைக்குப் போனார். பாதி வாழைப்பழத்தை மசித்து, டீ வடிகட்டியில் தேய்த்து இறக்கி, பால் கலந்து, கட்டியில்லாமல் செய்தார். மகாராணியைத் தொடுவதற்கு முன்னால் கழுவுவதுபோல முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்தார். ஸ்பூனின் நுனியில் கொஞ்சம் எடுத்து, வேலை செய்கிற இடது கன்னத்துப் பக்கமாக வைத்தார். அவள் வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ருசி பார்க்கிறாளா, விழுங்கத் தெரியவில்லையா? அவர் கட்டைவிரலை மோவாய்க்குக் கீழே வைத்து மெல்ல, மிக மெல்ல, கழுத்தோடு நீவிவிட்டார். தொண்டையில் அந்த உருண்டை மேலே போய்க் கீழே வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு. இருமல் இல்லை. தொண்டைச் செருமல் இல்லை. ஐந்து நிமிஷமும் சத்தமே இல்லை.

"இறங்கிடுச்சு" என்றார். "பாத்தியா, இறங்கிடுச்சு!"

அவள் கண்ணைத் திறந்தாள். ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி உதட்டின் குறுக்கே வைத்தாள். யாரிடமும் சொல்லாதே. பாதி வாய் சிரித்தது. கல்யாணம் ஆன புதிதில் மாமியாருக்குத் தெரியாமல் இரண்டு பேரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் வறுத்த கடலையைத் தின்று தீர்த்தது அவருக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் சொந்தமாக ஒரு திருட்டுத்தனம் இன்றைக்குத்தான் கிடைத்தது.

எட்டு நாள் அப்படிப் போனது. நாளுக்கு நாலு ஸ்பூன், ஐந்து ஸ்பூன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததுபோல் இருந்தது. பண்ணையில் ரேடியோகூடக் கேட்டான்: "என்னண்ணே, பாட்டெல்லாம் வருது? மகாராணியே பயந்துபோய் உத்துப் பார்க்குது."

ஒன்பதாம் நாள் காலையில் உடம்பு கொதித்தது. மத்தியானம் மூச்சு இரைத்தது. நெஞ்சுக்குள் யாரோ மணலைச் சலிப்பதுபோல் ஒரு சத்தம். ஆம்புலன்ஸில் சின்னவள் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவளும் பேசாமல் வருவாள் என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டார்.

வார்டு டாக்டர் வயதானவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பாம்பின் எக்ஸ்ரே என்றால் ஊட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியும். நீளமாக ஒரே நுரையீரல், அதைச் சுற்றி சீப்புப் பல்போல விலா. இதில் இரண்டு நுரையீரல் இருந்தன. வலது பக்கத்துக் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது.

"வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா?" டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார். "மறைக்காம சொல்லுங்க. மருந்தை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும்."

"இல்லை" என்றார்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. சூட்டில் பட்ட கை தானாக இழுத்துக்கொள்வதுபோல் வாய் சொல்லிவிட்டது. சொன்ன அடுத்த நொடியே திருத்திவிடலாம் என்று மூச்சை இழுத்தார்.

"நான் குடுத்தேன்" என்றாள் சின்னவள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பழச்சாறு. தினம் மத்தியானம் நாலஞ்சு ஸ்பூன். அக்கா கையைக் குவிச்சுக் குவிச்சுக் கேட்டா டாக்டர். என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. மாமாவுக்குத் தெரியாது. மாமாகிட்ட சொல்லாதேன்னு அக்காதான் வாயில விரலை வச்சுக் காட்டினா."

"எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்போம்!" டாக்டர் எக்ஸ்ரேயை மேசையில் போட்டார். "தண்ணிகூடக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"இருமவே இல்ல டாக்டர். நல்லா இறங்கின மாதிரிதான் இருந்துச்சு. இருமியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

"இருமாதும்மா. அதுதான் வியாதியே. தொண்டைக்கு உணர்ச்சி செத்துப்போச்சு. வழி தப்பினாலும் அதுக்குத் தெரியாது. சத்தமே இல்லாம நேரா நுரையீரலுக்குப் போகும்."

ஊட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சாறு மட்டும்தானா? பால், பழம், வேற ஏதாவது?" டாக்டர் இப்போது இரண்டு பேரையும் பார்த்தார்.

"சாறு மட்டும்தான்" என்றாள் சின்னவள். சத்தியமாக அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டர் அவரைப் பார்த்தபடி இன்னும் ஒரு நொடி காத்திருந்தார். பிறகு சீட்டில் எதையோ அடித்து எதையோ எழுதினார். மருந்தைத்தான் மாற்றிவிட்டாரே, இனி நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஊட்டுக்காரர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பழமும் பாலும் வேறு, சாறு வேறு என்று டாக்டர் கேட்ட கேள்வியிலேயே இருந்தது. அது அவருக்குப் புரியாமல் இல்லை.

மறுநாள் சின்னவளின் புருஷன் வந்தான். நடையில் எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டான். "ஊசி போடத் தெரியாதவ டாக்டர் வேலை பார்த்தியா? பாசம் பொங்குச்சோ? இப்ப யார் பதில் சொல்றது?" அவள் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். அவன் இவர் பக்கம் வந்து தோளைத் தொட்டான். "மனசுல வச்சுக்காதீங்க சகலை. அவளுக்கு அறிவு அவ்வளவுதான்."

"விடுங்க" என்றார் ஊட்டுக்காரர். "வேணும்னேவா செஞ்சா?"

அப்படிச் சொன்னதும் அங்கே நின்றிருந்த நர்ஸ் ஒருத்தி அவரை மரியாதையோடு பார்த்தாள். எத்தனை பெரிய மனசு இந்த மனுஷனுக்கு என்பதுபோல. அந்தப் பார்வை பட்ட இடம் எரிந்தது. ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். அவள் ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்க்க விடும் நேரத்தில் அவர் தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். இடது கை எழுந்தது. மோவாய் வரை வந்தது, அதற்கு மேல் ஏற முடியாமல் விழுந்துவிட்டது. பசிக்கிறது என்று சொல்ல வந்தாளா, சொல்லாதே என்று சொல்ல வந்தாளா, முகமூடியை எடு என்றாளா, நீ செய்தது இதுதான் என்றாளா? எதுவாகவும் இருக்கலாம். சொல்லாதே என்றுதான் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். தனக்கு எது வசதியோ அதை.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு, நர்ஸுகள் வேலை மாறுகிற நேரத்தில், அவள் போய்விட்டாள். உயிர் போனதை முதலில் பார்த்தவள் சின்னவள். "மாமா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு கட்டில் காலடியில் உட்கார்ந்து, "நான்தான், நான்தான்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார். தடுக்க மட்டும்தான் செய்தார்.

எல்லாம் முடிந்து ஆறாம் நாள் அவர் வேலைக்குப் போனார். வீட்டில் உட்கார முடியவில்லை. துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருவரிடமும் சின்னவளே தன் வாயால், "நான் சாறு குடுத்தேன், அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்துப் பெண்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். யார் அழுதாலும் அவருக்குத்தான் ஆறுதல் வந்தது. அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பண்ணைக்குள் நுழைந்ததும் ரேடியோ ஓடிவந்தான். துக்கமான முகத்தை வைத்துக்கொள்ள முயன்றான், ஆனால் சேதி அவனுக்குள் நிற்கவில்லை.

"அண்ணே, கேள்விப்பட்டேன் அண்ணே. உங்க கொழுந்தியா இப்படிப் பண்ணிட்டாங்களே... சரி, விதி. அண்ணே, மகாராணி தின்னுட்டா! தானாவே. முந்தாநேத்து கூண்டுல ஒரு கோழியை வச்சுட்டு விளக்கை அணைச்சுட்டு வந்துட்டோம். போய்ப் பார்த்தா கோழியைக் காணோம்."

மகாராணி மூலையில் சுருண்டு கிடந்தது. நடு உடம்பில் வீக்கம் தெரிந்தது. டாக்டரம்மா கூண்டுக்கு வெளியே நின்று கடன் வாங்கிய பேனாவால் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஊட்டுக்காரரைப் பார்த்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் பாம்பைப் பற்றியே பேசினார்.

"இப்ப உள்ள என்ன நடக்குது தெரியுமா? இத்தனை நாள் சும்மா கிடந்த குடல், கல்லீரல் எல்லாம் பெருத்துக்கிட்டிருக்கும். இதயமே ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு ஆகும். ரெண்டு வாரத்துல செரிச்சதும் பழையபடி சுருங்கிடும்." குறிப்பை மடக்கிப் பையில் வைத்தார். "நாமதான் அவசரப்பட்டுட்டோம். மேசையில போட்டு வாயைத் திறக்காம விட்டிருந்தா முன்னாடியே தின்னிருக்கும்னு இப்பத் தோணுது."

"ஆமா டாக்டர்."

"உங்களைச் சொல்லல. நான்தானே திறக்கச் சொன்னேன்."

தப்பு செய்தவர்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று அவர் நினைத்தார். சின்னவள் சொன்னாள். இந்தப் பெண் சொல்கிறார். இரண்டே வார்த்தை. இவரிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தார்.

"என்ன ஊட்டுக்காரரே?"

"வெந்நீர் வாளியில எலி போட்டிருக்கேன். ஆறிடும்" என்றார். அன்று அவர் வாளியையே எடுத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் ஊருக்குக் கிளம்பினாள். வந்தபோது கொண்டுவந்த அதே ஒரு பைதான். வீட்டைப் பெருக்கி, பாத்திரம் கவிழ்த்து, அக்காவின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் கூட நடந்தார். நல்ல வெயில். நிறுத்தத்தில் வேறு ஆள் இல்லை. அவள் இளைத்திருந்தாள். பேச்சு அடியோடு நின்றுபோயிருந்தது. பேசாத சின்னவள் அக்காவைப்போலவே இருந்தாள்.

"பிள்ளைங்க எதிர்பார்த்துட்டிருக்கும்" என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"ம்."

"அவன் ஏதாவது சொன்னா எனக்கு ஒரு போன் போடு. நான் பேசறேன்."

"அவர் சொல்றதுல தப்பு இல்லையே மாமா." பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "வீட்டுக்குப் போய் சின்னதுக்கு சோறு ஊட்டணும்னு நினைச்சாலே பயமா இருக்கு. போன்ல அது இருமுற சத்தம் கேட்டாலே கை உதறுது. இருமலேன்னாலும் உதறுது."

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"மாமா, ஒரே ஒண்ணு கேக்கணும். நீங்க கத்தவே இல்ல. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா எனக்கு நல்லாயிருந்திருக்கும்." அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னை மன்னிச்சிட்டீங்களா?"

தெருமுனையில் பஸ் திரும்புவது தெரிந்தது. இருநூறு அடி இருக்கும். அந்த இருநூறு அடிக்குள் சொல்லிவிடலாம். நானும்தான் கொடுத்தேன் சின்னவளே, உன் சாறு மத்தியானம், என் பழம் சாயங்காலம், அவள் நம் இரண்டு பேரிடமும் கேட்டாள், நம் இரண்டு பேரிடமும் விரலை வைத்துக் காட்டினாள், நீ தனியாக இல்லை. சொன்னால் இவள் இனி பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள். சொன்னால் அன்றைக்கு டாக்டர் முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யார் என்று இவளுக்குத் தெரிந்துவிடும்.

பஸ் வந்து நின்றது.

"மன்னிச்சிட்டேன்" என்றார். "போ. ஏறு."

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கை நனைந்தது. "நீங்க நல்லா இருக்கணும் மாமா" என்றாள். படியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் நகரும்போது கையை ஆட்டினாள். பதினைந்து நாளுக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

அவரும் கையை ஆட்டினார்.